அரசன் அளித்த ஆலயம்

(பன்விலையில் ஆற்றிய சொற்பொழிவு)



மாரியம்மன் கோயில் மேளமும், பாங்கொலியும், பிரித் ஓதலும், ஆலய மணியும் ஒரே மலைச்சரிவிற் கேட்கும் நாடு நம் மலைநாடு. இங்கிருந்து சற்றே தொலைவிலுள்ள கண்டியில், 300 ஆண்டுகளுக்கு முன் எழுந்து மறைந்த ஒரு கத்தோலிக்க ஆலயத்தைப் பற்றியே பேச வந்தேன்.

1658 இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர், கத்தோலிக்கக் குருமாருக்குப் புகலிடம் அளிப்போருக்கு மரண தண்டனை என்று கட்டளையிட்டனர். அவர்களும் கிறித்தவர்களே என்பதை மறவாதீர்கள்! கோவாவிற் பிறந்த ஜோசப் வாஸ் அடிகளார் 1687 இல் பிச்சைக்கார வேடத்தில் இலங்கை வந்தார், தமிழ் கற்றார், சில்லாலையில் மறைந்திருந்து பணியாற்றினார். 1692 இல் கண்டிக்கு வந்தபோது போர்த்துக்கேயரின் ஒற்றர் எனச் சிறையிடப்பட்டார்.

அரசன் இரண்டாம் விமலதர்மசூரியன் பௌத்தன். ஆயினும் கைதியின் தூய்மையை உணர்ந்து அவரை வழிபட விட்டான். கடும் வறட்சியில் அடிகளார் வேண்ட மழை பெய்தது என்பது வழிவழி வந்த செய்தி. 1697 இல் அம்மை நோய் பரவியபோது, உற்றாரே கைவிட்ட நோயாளரை மதம் பாராது அவர் பேணியது வரலாறு. அரசனின் இசைவால் தலைநகரில் ஆலயம் எழுந்தது. 1711 இல் அடிகளார் கண்டியிலேயே மறைந்தார். 2015 இல் போப்பாண்டவர் பிரான்சிஸ் கொழும்பில் அவரைப் புனிதராக அறிவித்தார்.

இதுவரை சொல்வோர் பலர்; பின்பு நடந்ததைச் சொல்வோர் சிலர். 1739 இல் அரியணையேறிய ஸ்ரீ விஜய ராஜசிங்கன், மதுரையிலிருந்து வந்த நாயக்கர் மரபின் முதல் அரசன்; நம்மவர் என்று நாம் பெருமை பேசும் மரபு! அவன் ஆட்சியிலேயே குருமார் துரத்தப்பட்டனர்; ஆலயம் அழிந்தது. அதற்கிருந்த ஒரே ஆதாரம் ஓர் அரசனின் அருள். தந்தவன் போனான், தந்ததும் போயிற்று.

இன்று நமக்கு அரசியலமைப்பின் 10 ஆம், 14 ஆம் உறுப்புரைகள் உள. அவை இருந்தும், 2003 இல் கத்தோலிக்க அருட்சகோதரியர் சபையொன்றைக் கூட்டிணைக்கும் சட்டமூலம் யாப்புக்கு முரண் என உயர் நீதிமன்றம் முடிவு செய்தது. அம்முடிவு பன்னாட்டு உடன்படிக்கையை மீறியது என 2005 இல் ஐக்கிய நாடுகளின் மனித உரிமைக் குழு கண்டது. எழுதிய சட்டமே இவ்வாறு அசையுமாயின், எழுதாத வாக்கின் கதி என்ன?

உங்கள் தோட்டங்களுக்கு வருகிறேன். கம்பனித் தோட்டங்கள் 1975 இல் அரசுடைமையாயின. 1992 முதல் வேறு கம்பனிகள் நடத்துகின்றன. இடையில் எத்தனை துரைமார் மாறினர்! 'பெரிய துரை அன்றே கொடுத்த இடம்' என்று நீங்கள் சொல்லும் கோயிலுக்கும் சிற்றாலயத்துக்கும் உறுதி எங்கே? நில அளவைப் படம் எங்கே?

கோயில் தருமகர்த்தாக்களும், பள்ளிவாசல் நம்பிக்கையாளர்களும், ஆலய உபதேசியார்களும் சேர்ந்தே என்னிடம் வாருங்கள். கையிலுள்ள காகிதங்களையெல்லாம் கொண்டு வாருங்கள். கட்டணம் கேட்கமாட்டேன். காகிதமே இல்லாதவர்கள் முதலில் வாருங்கள். அவர்களுக்குத்தான் வேலை அதிகம்.