கதைக்குப் பெயர் வைப்பது எப்படி?

(தொழிலாளர் படிப்பகம் ஒன்றில் நிகழ்த்திய உரை)



கதை எழுதும் தோழர்கள் சிலர் இங்கே இருக்கிறீர்கள். கதையை எழுதி முடித்துவிடுகிறோம், பெயர் வைக்கத்தான் திண்டாடுகிறோம் என்கிறீர்கள். இது சின்ன விஷயமல்ல. கதையைப் படிக்காதவன் காதிலும் அதன் பெயர் விழுகிறது. கதையை மறந்தவன் வாயிலும் பெயர் மிஞ்சுகிறது.

எடுத்த எடுப்பில் நாம் வைக்கும் பெயர்கள் என்ன? 'விதியின் கொடுமை', 'ஏழையின் கண்ணீர்'. விதி செய்த வேலையென்றால் சங்கம் எதற்கு? கண்ணீர் என்றால் யாருடைய கண்ணீர், யாரால் வந்த கண்ணீர்? அந்தப் பெயர் சொல்வதில்லை. எல்லாக் கதைக்கும் பொருந்துகிற பெயர் எந்தக் கதைக்கும் சொந்தமில்லை.

மலையாள எழுத்தாளர் தகழி சிவசங்கர பிள்ளை, குட்டநாட்டு வயல்களில் உழைக்கும் விவசாயத் தொழிலாளரைப் பற்றி 1948-ல் ஒரு நாவல் எழுதினார். பெயர் 'ரண்டிடங்கழி'. இடங்கழி என்பது, நம் ஊர்ப் படியைப் போல, அங்கே நெல் அளக்கும் அளவை. இரண்டு இடங்கழி! கூலியை நெல்லாக வாங்கியவனுக்கு இந்தப் பெயரை விளக்க வேண்டுமா? கண்ணீரை யாரும் அளக்க முடியாது. நெல்லை அளக்கலாம். அளந்தால் குறைவு தெரியும். தெரிந்தால் கேட்கலாம்.

தமிழில் தொ. மு. சி. ரகுநாதன் 1953-ல் 'பஞ்சும் பசியும்' என்ற நாவலைத் தந்தார். கைத்தறி நெசவாளரின் கதை அது. ஊருக்கெல்லாம் துணி நெய்பவன் வீட்டில் அடுப்பு எரியவில்லை. இந்த அநியாயத்தை இரண்டே சொல்லில் கட்டிவிட்டார். 'பஞ்சு' என்று சொல்லும்போதே 'பஞ்சம்' என்றும் காதில் விழுகிறது, பாருங்கள்!

சரி, போராட்டம் தோற்றுப்போனால்? அந்தக் கதைக்கு என்ன பெயர் வைப்பது?

பிரெஞ்சு எழுத்தாளர் எமிலி ஜோலாவுக்கு இந்தக் கேள்வி வந்தது. 1884-ல் அன்ஸான் என்ற இடத்தில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் வேலை நிறுத்தம் செய்தபோது அவர் அங்கே போனார். குழிக்குள் இறங்கிப் பார்த்தார். பிறகு எழுதிய நாவலில் வேலை நிறுத்தம் தோற்கிறது. தொழிலாளர் பசியோடு மீண்டும் குழிக்குள் இறங்குகிறார்கள். ஜோலா பல பெயர்களை யோசித்துப் பார்த்து ஒதுக்கினார். கடைசியில் வைத்த பெயர் 'ஜெர்மினால்'.

அது ஒரு மாதத்தின் பெயர். பிரெஞ்சுப் புரட்சி பழைய காலண்டரைத் தள்ளிவிட்டு மாதங்களுக்குப் புதுப் பெயர் சூட்டியது. மார்ச் கடைசியில் தொடங்கும் மாதத்துக்கு, விதை முளைக்கும் மாதம் என்று பொருள்படும் பெயர் வைத்தார்கள். 1795-ல் அதே மாதத்தில்தான் பாரிஸ் நகரத்து ஏழை மக்கள் ரொட்டி கேட்டு, நாட்டை ஆண்ட சபைக்குள் புகுந்தார்கள். ஆக, தோற்ற போராட்டத்தின் கதைக்கு ஜோலா 'தோல்வி' என்று பெயர் வைக்கவில்லை. மண்ணுக்குள் போனது முளைக்கும் என்று பெயர் வைத்தார்.

அந்த நாவல் 1885-ல் புத்தகமாக வந்தது. 1902-ல் ஜோலா இறந்தார். பாரிசில் நடந்த அவருடைய இறுதி ஊர்வலத்தில் சுரங்கத் தொழிலாளர் "ஜெர்மினால்! ஜெர்மினால்!" என்று முழங்கிக்கொண்டு நடந்தார்கள். புத்தகத்தின் தலைப்பு தொழிலாளியின் கோஷமாகிவிட்டது! எழுதுகிறவனுக்கு இதைவிடப் பெரிய விருது ஏது?

ஆகவே தோழர்களே, பெயரை அகராதியில் தேடாதீர்கள். கதையில் வருபவன் கையில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். படியா, கதிரா, அரிவாளா, சம்பளச் சீட்டா? அவன் வாயில் வரும் சொல் என்ன என்று கேளுங்கள். பெயர் கிடைத்ததும் ஆலை வாசலிலும் களத்து மேட்டிலும் சொல்லிப் பாருங்கள். கேட்டவர் "ஐயோ பாவம்" என்று சொல்லி நகர்ந்தால், அந்தப் பெயரை அடித்துவிடுங்கள். "எந்த ஊரில்? எவ்வளவு கூலி? அப்புறம் என்ன செய்தார்கள்?" என்று கேட்டால், அதையே வையுங்கள்.