அரபியரும் யூதரும்: பகையின் வேர்கள்



அரபியர்க்கும் யூதர்க்கும் இடையிலான பகையை ஆபிரகாமின் இரு மைந்தர் காலத்திலிருந்து தொடங்குவது மேடை வழக்கமாகிவிட்டது. கேட்பதற்குக் காவியம்போல் இருக்கும். வரலாறு அவ்வாறு சொல்லவில்லை. பத்தாம் நூற்றாண்டில், முஸ்லிம்கள் ஆண்ட ஸ்பெயினின் கோர்தோபாவில் வாழ்ந்த துனாஷ் பென் லப்ராத், அரபு யாப்பை எபிரேயக் கவிதைக்குள் கொண்டுவந்தார். அவ்வழி வந்த பெருங்கவிஞர் சாமுவேல் இப்னு நக்ரில்லா, கிரனாடாவின் முஸ்லிம் மன்னர்க்கு அமைச்சர். அவர் மகன் 1066-இல் அதே நகரில் கொல்லப்பட்டார். யூதர் பலரும் மாண்டனர். ஆதலின் அதனைப் பொற்காலம் என்று புகழ்ந்துவிடவும் இயலாது. ஆயினும் அது மண்ணுக்கான போர் அன்று.

மண்ணுக்கான போரின் வேர் 19-ஆம் நூற்றாண்டில் உள்ளது. அதன் ஒரு முனை ஐரோப்பா. 1881-க்குப் பின் உருசியப் பேரரசில் யூதர்மீது கொலைவெறித் தாக்குதல்கள் அடுத்தடுத்து நிகழ்ந்தன. 1897-இல் தியோடர் ஹெர்சல் பாசல் நகரில் முதல் சியோனிச மாநாட்டைக் கூட்டினார். உயிருக்கு அஞ்சி ஓடுபவன் புகலிடம் கேட்பதில் குற்றம் காண்பவர் யார்?

மறுமுனை ஒரு பட்டா. 1858-இல் உதுமானியப் பேரரசு நிலச்சட்டம் இயற்றியது. வரிக்கும் படைச்சேர்ப்புக்கும் அஞ்சிய பாலஸ்தீன உழவர் பலர் தம் நிலத்தைத் தம் பெயரில் பதியவில்லை. நகரத்துச் செல்வர் பெயரில் அது பதிவாயிற்று. தலைமுறைகளாக உழுதவன் தாளில் குத்தகைக்காரன் ஆனான். பெய்ரூத்தின் சுர்சுக் குடும்பத்தார் எஸ்ரயேல் பள்ளத்தாக்கில் பரந்த நிலங்களை 1920-களில் சியோனிச நிறுவனங்களுக்கு விற்றபோது, சட்டப்படி எவரும் எதையும் பறிக்கவில்லை. விற்றவர் பணம் பெற்றார், வாங்கியவர் நிலம் பெற்றார், உழுதவர் வெளியேறினர்.

இதற்கிடையே, 1917 நவம்பர் 2-இல் பிரிட்டிஷ் வெளியுறவு அமைச்சர் பால்ஃபர் ஒரு கடிதம் எழுதினார். அதன் அறிவிப்புப் பகுதி 67 சொற்களே. சொல்லை நிறுத்துப் பார்க்கும் கவிஞர்கள் அதனை ஊன்றிப் படித்தல் நலம். யூத மக்களுக்குப் பாலஸ்தீனத்தில் ‘தேசிய இல்லம்’ அமைய அது ஆதரவு தருகிறது. அந்நாட்டு மக்களுள் ஏறத்தாழப் பத்தில் ஒன்பது பங்கினரான அரபியரின் பெயர் அதில் இல்லை. ‘யூதரல்லாத சமூகங்கள்’ என்பதே அவர்களுக்குக் கிடைத்த பெயர். அவர்தம் குடியுரிமையும் சமய உரிமையும் காக்கப்படும். அரசியல் உரிமை பற்றிய பேச்சே இல்லை. பிற நாடுகளில் யூதர் பெற்றிருந்த அரசியல் நிலையைக் காக்க மட்டும் அதே வாக்கியம் மறக்கவில்லை. இது கைப்பிழையா? முன்னரே மக்காவின் ஷரீப் ஹுசைனுக்கு அரபு விடுதலையை வாக்களித்திருந்த அரசு அது. 1916-இல் பிரான்சுடன் மறைவாக அந்நிலப்பரப்பைப் பங்கிட்டுக்கொண்ட அரசும் அதுவே.

பின்னர் நிகழ்ந்தவை அனைவரும் அறிந்தவை: 1929-இன் கலவரம், 1936-இன் அரபுக் கிளர்ச்சி, இட்லரின் பேரழிப்பு, 1947-இன் பிரிவினைத் தீர்மானம். 1948-இன் போரில் ஏறத்தாழ ஏழு இலட்சம் பாலஸ்தீனர் வீடிழந்தனர். அடுத்த சில ஆண்டுகளில் ஈராக்கிலிருந்து மட்டும் இலட்சத்துக்கும் மேற்பட்ட யூதர் வெளியேறினர்.

கலிலேயாவின் அல்-பிர்வா, கவிஞர் மஹ்மூத் தர்வீஷ் 1941-இல் பிறந்த ஊர். ஏழு வயதில் குடும்பத்துடன் லெபனானுக்கு ஓடினார். திரும்பியபோது ஊர் இல்லை. அவ்வூர் நிலத்தில் 1950-இல் அஹிஹுத் என்னும் குடியிருப்பு எழுந்தது. அதனை அமைத்தவர்கள் அரபு நாடான ஏமனிலிருந்து வந்த யூதர்கள். 2008-இல் மறைந்த தர்வீஷின் உடல் ரமல்லாவில் அடக்கம் செய்யப்பட்டது.