யாரை நடுவில் வைப்பது?



தலைமையுரை என்றால் துறையின் வரலாற்றை ஆதியிலிருந்து ஒப்பிக்க வேண்டும் என்றொரு மரபு உண்டு. அதை முதல் அமர்வினருக்கு விட்டுவிடுகிறேன். மனிதர்களைப் புள்ளிகளாகவும் உறவுகளைக் கோடுகளாகவும் போடும் வலைப்படத்தில் யாரை எங்கே வைப்பது என்பதை மட்டும் பேசுகிறேன். எடுத்துக்கொள்ளும் படம் நம் மாவட்டத்துப் படம்.

1911 ஜூன் 17. மணியாச்சி சந்திப்பு. மனைவியோடு கொடைக்கானலுக்குப் புறப்பட்ட திருநெல்வேலி கலெக்டர் ஆஷ், ரயில் பெட்டியிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். சுட்டவர் செங்கோட்டை வாஞ்சிநாதன். புனலூரில் வனத்துறை வேலையில் இருந்தவர். பிளாட்பாரத்துக் கழிப்பறைக்குள் ஓடித் தன்னையும் சுட்டுக்கொண்டார். தொடர்ந்து நடந்த சதி வழக்கில் 14 பேர் எதிரிகள். முதல் எதிரி நீலகண்ட பிரம்மச்சாரி. கொலை நடந்த அன்று அவர் இந்தப் பக்கத்திலேயே இல்லை. 1912-இல் தீர்ப்பு வந்தபோது அவருக்கு 7 ஆண்டு, வாஞ்சியின் மைத்துனர் சங்கரகிருஷ்ணனுக்கு 4 ஆண்டு.

இந்த வழக்கை வலைப்படமாக வரைய யாருக்கும் கை துறுதுறுக்கும். கூட்டங்கள் இருக்கின்றன, கடிதங்கள் இருக்கின்றன, உறவுமுறை இருக்கிறது, தென்காசியில் எடுத்த சத்தியம் இருக்கிறது. எதிரிகள் 14 பேர், வாஞ்சி, அரசுத் தரப்புச் சாட்சியாக மாறிய அப்ரூவர்கள், புதுச்சேரியில் இருந்த கூட்டாளிகள், வழக்கு தொடங்குமுன்னே உயிரை மாய்த்துக்கொண்ட இருவர் என்று புள்ளிகள் தேறும். ஒரு தாளுக்குள் அடங்கும் அளவுதான்.

தரவைக் கணினியிடம் கொடுத்தால் அது என்ன செய்யும்? பீட்டர் ஈட்ஸ் 1984-இல் சொன்ன வழியில்தான் இன்றைய மென்பொருள்களில் பலவும் நடக்கின்றன. புள்ளிகள் ஒன்றையொன்று தள்ளும். கோடுகள் சுருள்வில் மாதிரி இழுக்கும். இழுப்பும் தள்ளலும் சமனாகும் இடத்தில் படம் நிற்கும். கோடு மிகுந்தவர் நடுவுக்கு வருவார், கோடு குறைந்தவர் ஓரத்துக்குப் போவார். பார்வைக்கு அழகாகத்தான் இருக்கும்.

கோடு எங்கிருந்து வந்தது என்று அது கேட்பதில்லை. இந்த வழக்கில் கோடுகளில் பெரும்பங்கு வாக்குமூலங்களிலிருந்து கிளம்புபவை. வாய் திறந்தவருக்குக் கோடு பெருகும். செத்துப்போன வாஞ்சி வாக்குமூலம் தரவில்லை. ஓட்டப்பிடாரம் மாடசாமி பிடிபடவே இல்லை. வாஞ்சியோடு மணியாச்சிக்கு வந்து தப்பியவர் அவர்தான் என்று நம்பப்படுகிறது. நம்பிக்கை சரியென்றால் சம்பவத்துக்கு அவரைவிட நெருக்கமானவர் எவருமில்லை. ஆனால் படத்தில் அவர் ஒன்றிரண்டு கோடுகளோடு மூலையில் தொங்குவார். அப்ரூவரோ நட்டநடுவில் மாப்பிள்ளைபோல் வீற்றிருப்பார். போலீஸ் யாரிடம் பேசியது என்பதைக் காட்டும் படம் அது. சதியின் படம் என்று அதற்குத் தலைப்புப் போட்டு அச்சுக்கு அனுப்பினால் ஒத்துக்கொள்ள முடியாது.

அரசுத் தரப்பும் தன் வாதத்தில் ஒரு படத்தைத்தான் வைத்தது, தாளில் வரையாமல். அதில் நடுவில் நீலகண்டர். மற்றவர்கள் அவரைச் சுற்றி. குற்றப்பத்திரிகையின் வரிசையை அப்படியே வட்டமாக வளைத்துப் போடுகிறவர், தெரிந்தோ தெரியாமலோ, அரசு வழக்கறிஞரின் வேலையைச் செய்கிறார்.

இது என் சொந்தப் பயம் என்று நினைக்க வேண்டாம். மெக்ராத், பிளைத், கிராக்கார்ட் மூவரும் 1997-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஒரே வலையை, கோடுகளை மாற்றாமல், புள்ளிகளின் இடத்தை மட்டும் மாற்றி வாசகர்களிடம் காட்டினார்கள். யார் முக்கியம், யார் இரு குழுக்களுக்கு நடுவே பாலம், மொத்தம் எத்தனை குழு என்ற கேள்விகளுக்கு இடம் மாற மாற விடையும் மாறியது. நியூயார்க்கில் 1933-இல் கையால் வரைந்த வலைப்படங்களைக் காட்டிய மொரேனோ, கோடுகள் ஒன்றையொன்று வெட்டுவது குறையக் குறையப் படம் நன்றாகும் என்று பின்னாளில் எழுதினார். அதே 1997-இல் ஹெலன் பர்சேஸ் செய்த சோதனையும் அதை உறுதிப்படுத்தியது. வெட்டுகளை ஆகக் குறைந்த எண்ணிக்கைக்குக் கொண்டுவருவது கணினிக்கே சிரமமான கணக்கு என்று கேரியும் ஜான்சனும் 1983-இல் நிறுவிவிட்டார்கள். ஆகையால் கையால் நாலு புள்ளியை நகர்த்தினோம் என்று சொல்ல எவரும் கூச்சப்பட வேண்டாம். எதற்காக நகர்த்தினோம் என்பதைப் படத்துக்குக் கீழே எழுதினால் போதும்.

எப்படி அடுக்கலாம் என்பதற்கு நம் ஆற்றிலேயே ஒரு முன்மாதிரி இருக்கிறது. பொதுப்பணித் துறையின் நீர்ப்பாசன வரைவில் தாமிரபரணிக்கு வளைவே கிடையாது, நேர்கோடு. அதில் கோடைமேலழகியானில் தொடங்கித் திருவைகுண்டம் வரை 8 அணைக்கட்டுகள். அரியநாயகிபுரத்தில் கோடகன் கால், பழவூரில் பாளையங்கால், சுத்தமல்லியில் நெல்லைக் கால் என்று கால்வாய்கள் இடமும் வலமுமாகப் பிரியும். யார் மடை முன்னே, யார் மடை பின்னே என்ற ஒரே கேள்விக்கு அந்தப் படம் விடை சொல்கிறது. தூரத்தைச் சொல்ல அது முயல்வதே இல்லை.

மணியாச்சிப் படத்தையும் அப்படி ஒரு கேள்விக்குக் கட்டுப்படுத்தலாம். ஆட்கள் எப்படி ஒருவரையொருவர் போய்ச் சேர்ந்தார்கள் என்பது கேள்வி என்றால், இடது கோடியில் புனலூர், அடுத்து செங்கோட்டை, தென்காசி, திருநெல்வேலி, மணியாச்சி, ஓட்டப்பிடாரம், வலது கோடியில் தூத்துக்குடி, புதுச்சேரி மேலே. செங்கோட்டையிலிருந்து மலையைக் குடைந்து கொல்லத்துக்கு ரயில் போனது 1904-இல். கடிதமும் ஆளும் போய்வந்த தடம் அது. மேற்கே, கிழக்கே என்றே வழி சொல்லிப் பழகிய நம் ஊர்க்காரர்களுக்கு இந்தப் படத்தை விளக்க வேண்டியதே இல்லை. அதோடு, ஊர் நெடுக நடந்து இரு முனையையும் கட்டியவர் யார் என்பது நீண்ட கோடுகளிலிருந்தே தெரியும். நீலகண்டரின் முக்கியத்துவம் அங்கே தானாக வெளிப்படும். நாம் தூக்கி நடுவில் வைக்க வேண்டியதில்லை. மாடசாமிக்கு விட்டுவிட்டு இழுத்த கோடு, அதாவது ஐயமான கோடு. வாக்குமூலத்தில் மட்டும் வரும் உறவுக்கு மெல்லிய கோடு, கடிதத்திலும் வருவதற்குத் தடித்த கோடு.

பெயர்கள் பெரிய தொந்தரவு. ஆங்கிலப் படங்களில் ஒரு குடும்பப் பெயரைப் போட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். நமக்கு மடத்துக்கடை சிதம்பரம் பிள்ளை என்று முழுதாக எழுதியே ஆக வேண்டும். வெறும் சிதம்பரம் பிள்ளை என்றால் வாசகர் வ.உ.சி.யை நினைத்துக்கொள்வார், அவரோ 1908-லேயே சிறைக்குப் போய்விட்டவர். முழுப்பெயர் பக்கத்துப் புள்ளியின் மேல் ஏறி உட்காரும். போதாக்குறைக்கு, சில மென்பொருள்களில் படத்தைச் சேமித்ததும் கொம்பு ஓரிடமும் எழுத்து ஓரிடமுமாகப் பிரிந்துவிடும். பெயர்களை இரண்டு வரியாக மடித்து, புள்ளிக்கு வலப்புறம் ஒரே சீராக வையுங்கள். கோணலாகச் சாய்த்து எழுதாதீர்கள், கழுத்து வலிக்கிறது.

நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை. செங்கோட்டைப் பக்கத்து ஐயர்களுக்கு ஒரு நிறம், கிழக்கே பிள்ளைமாருக்கு ஒரு நிறம் என்று தீட்டிய நொடியில் கண் அதைச் சாதிப் பிளவாகத்தான் வாசிக்கும், இடையே எத்தனை கோடு ஓடினாலும். சாதியே கேள்வி என்றால் தீட்டுங்கள். அலங்காரத்துக்குத் தீட்டக் கூடாது.

ஊர் வாரியாக அடுக்கும் முறைக்கு ஓர் எல்லையும் உண்டு. தென்தமிழகத்தில் இரண்டு ஊர்களில், யாருக்கு யார் ஒத்தாசை என்று கேட்டுத் தரவு திரட்டிய ஆய்வாளர் எலினார் பவர், 2017-இல் அதை வெளியிட்டபோது ஊர்களுக்கு மாற்றுப் பெயர்களே கொடுத்தார். உயிரோடிருப்பவர்களின் படத்தில் தெருவையும் கோவிலையும் உள்ளபடி வைத்துவிட்டு, ஆள் பெயரை மட்டும் எடுத்துவிட்டால் யாரை ஏமாற்றுகிறோம்? மேலத்தெரு மூன்றாவது வீட்டுக்கு யாரும் கடன் கொடுப்பதில்லை என்பது அந்த ஊரில் எல்லோருக்கும் விளங்கிவிடும். அங்கே இடத்தைக் குலைத்துப் போடுவதுதான் மரியாதை.

கூடத்தின் பின்சுவரில் மாணவர்களின் படங்களை ஒட்டி, பக்கத்தில் வெற்றுத்தாளும் பென்சிலும் வைத்திருக்கிறார்கள். உணவு இடைவேளையில் ஆளுக்கு ஒரு படத்தை எடுத்து, ஒரு கோட்டையும் மாற்றாமல் புள்ளிகளை மட்டும் வேறிடத்தில் வைத்து வரைந்து பாருங்கள். பிற்பகல் அமர்வில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து விவாதிப்போம். இப்போது முதல் கட்டுரையாளரை மேடைக்கு அழைக்கிறேன்.