சக்கரத்தைக் கழற்றிக் கொடுக்காதீர்கள்

அவைக்குத் தலைமை தாங்கும் அம்மையார் அவர்களே, மயிலைப் பெருமக்களே, ஓட்டக் காலணியோடு முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் என் தங்கைகளே!

ட்ரையத்லானுக்குப் பயிற்சி செய்யும் பெண்களைப் பாராட்டப் பேச வேண்டும் என்று கூப்பிட்டார்கள். பாண்டி பஜாரில் ஆடித் தள்ளுபடிக்கு ஓடியதைத் தவிர எனக்கு ஓட்ட அனுபவம் கிடையாது என்றேன். பரவாயில்லை, வாருங்கள் என்றார்கள். வந்துவிட்டேன்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். நீச்சல், சைக்கிள், ஓட்டம், இந்த மூன்றையும் நடுவில் ஓய்வில்லாமல் ஒரே மூச்சில் முடிப்பதுதான் ட்ரையத்லான். 2019-இல் கோவாவில் தொடங்கிய அயர்ன்மேன் 70.3 போட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். கடலில் 1.9 கிலோமீட்டர் நீந்தி, 90 கிலோமீட்டர் சைக்கிள் மிதித்து, அதன் பிறகு 21.1 கிலோமீட்டர் ஓட வேண்டும். அந்த 90 கிலோமீட்டர் என்பது ஏறக்குறையத் திருவான்மியூரிலிருந்து மாமல்லபுரம் போய்த் திரும்புகிற தூரம். பஸ்ஸில் போய் வந்தாலே நமக்கு மறுநாள் இடுப்பு வலிக்கிறது!

ஒரு காலத்தில் மயிலாப்பூர்ப் பெண்கள் நாலரை மணிக்கு எழுந்தது மார்கழியில் மட்டும்தான். இந்தத் தங்கைகளுக்குப் பன்னிரண்டு மாதமும் மார்கழி. அந்த இருட்டில் ஒருத்தி தனியாகப் பெசன்ட் நகர் கடற்கரைக்குப் போக வீடு சம்மதிக்காது. நாலு பேர் சேர்ந்து போகிறோம் என்றால் சம்மதிக்கும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் எதிர்க்காற்று அடிக்கும்போது ஒருத்தி முன்னால் போய்க் காற்றை வாங்கிக்கொள்கிறாள். அவள் களைத்ததும் இன்னொருத்தி முன்னால் வருகிறாள். கடலில் தனியாக இறங்காதே என்பது இவர்களுக்கு முதல் பாடம். மாதவிலக்கு நாளில் என்ன செய்வது, பிரசவத்துக்குப் பிறகு எப்போது ஓடத் தொடங்கலாம் என்று கூச்சமில்லாமல் கேட்கவும் ஒரு தோழி வேண்டியிருக்கிறது.

ஆனால் போட்டி நாளில் இந்தத் துணை கூடவே வராது. முன்னால் போகும் சைக்கிளுக்கும் உங்கள் சைக்கிளுக்கும் 12 மீட்டர் இடைவெளி விட வேண்டும், ஒட்டிக்கொண்டு போகக் கூடாது. வெளியாள் யாரும் உதவி செய்யக் கூடாது. அயர்ன்மேன் விதிப்புத்தகத்தில் இன்னொரு விதியும் இருக்கிறது. அதைக் கேட்டதிலிருந்து அது என் மனதை விட்டுப் போகவில்லை. வழியில் பஞ்சராகி நிற்கிற சக போட்டியாளருக்கு நீங்கள் டியூப் கொடுக்கலாம், பம்பு கொடுக்கலாம், தண்ணீர் கொடுக்கலாம். உங்கள் சக்கரத்தையே கழற்றிக் கொடுத்துவிட்டு, மேலே போக முடியாமல் நீங்கள் நின்றுவிடக் கூடாது!

அம்மா, இந்த விதியை எழுதியவருக்கு நம் வீட்டுப் பெண்களைத் தெரியாது. நாம் தலைமுறை தலைமுறையாகச் சக்கரத்தைக் கழற்றிக் கொடுத்தவர்கள். அண்ணன் படிப்புக்காக நம் படிப்பைக் கொடுத்தோம். கணவரின் மாற்றலுக்காக நம் வேலையைக் கொடுத்தோம். அதற்குத் தியாகம் என்று பெயர் சூட்டி, மேடை போட்டுப் பாராட்டவும் செய்தார்கள். அந்தப் பாராட்டு இந்தத் தங்கைகளுக்கு வேண்டாம் என்று சொல்லத்தான் நான் வந்திருக்கிறேன்.

ஒரு நிகழ்ச்சி சொல்கிறேன். 1982-இல் ஹவாய் அயர்ன்மேன் போட்டி. பெண்களில் முன்னிலையில் இருந்த ஜூலி மாஸ் எல்லைக்கோட்டுக்குப் பக்கத்தில் வந்ததும் கால் மடங்கி விழுந்தார். எழுந்தார், மறுபடி விழுந்தார், கடைசியில் தவழ்ந்தார். பின்னால் வந்த கேத்லீன் மெக்கார்ட்னி அவரைத் தாண்டிப் போய் 29 விநாடி வித்தியாசத்தில் வென்றார். ஜூலி தவழ்ந்தே கோட்டைத் தொட்டார். முப்பது ஆண்டுகள் கழித்து, 2012-இல், இருவரும் தோழிகளாக அதே போட்டிக்குத் திரும்பி வந்தார்கள். ஒருத்தி வென்றதால் அந்த நட்புக்கு ஒன்றும் குறைந்துவிடவில்லை.

ஹவாய் வரை போவானேன்? மெரினாவில் ஓடுகிறவர்கள் தினமும் கடந்துபோகும் ஐஸ் ஹவுஸைப் பாருங்கள், இன்றைய விவேகானந்தர் இல்லம். அங்கே குழந்தை விதவைகளைத் தங்கவைத்துப் படிக்கவைத்தவர் சகோதரி சுப்பலட்சுமி. அவரும் சிறுமியாக இருந்தபோதே கணவனை இழந்தவர். 1911-இல் பி.ஏ. பட்டம் பெற்றார். தான் படிப்பதை நிறுத்திவிட்டு மற்றவர்களைப் படிக்கவைக்கவில்லை. தான் படித்ததனால்தான் அவர்களை ஆசிரியைகளாக்க முடிந்தது. தி. நகர் சாரதா வித்யாலயாவும் அவர் போட்ட விதைதான்.

இன்னொன்றும் சொல்கிறேன். 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி எழுத்தறிவு இயக்கத்தின் வழியாகக் கிராமத்துப் பெண்கள் ஆயிரமாயிரமாய்ச் சைக்கிள் கற்றார்கள். அப்போது ஆட்சியராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். அங்கே கற்றுக்கொண்டவள் அடுத்தவளுக்குச் சீட்டைப் பிடித்துக்கொண்டு ஓடினாள். ஆனால் தன் சைக்கிளை விட்டுவிடவில்லை. அதில் வேலைக்குப் போனாள், தண்ணீர் சுமந்தாள், பிள்ளையைப் பள்ளியில் இறக்கினாள்.

இனி மூன்று கோரிக்கைகள். நகரை ஆள்வோரே, பொது நீச்சல் குளங்களில் பெண்களுக்கான நேரத்தை வேலைக்குப் போகும் பெண்ணின் கடிகாரத்தைப் பார்த்து வையுங்கள். கடற்கரைச் சாலையில் விடியும் வரை விளக்கு எரியட்டும், கழிப்பறை திறந்திருக்கட்டும். வீட்டு ஆண்களே, ஞாயிற்றுக்கிழமை காலைக் காப்பியை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். டிகாஷன் இறங்கும் வரை காத்திருப்பதும் ஒரு பொறுமைப் பயிற்சிதான்!

மூன்றாவது கோரிக்கை பெண்களுக்கு. உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ இருக்கும் ஒருத்திக்கு வாரத்தில் இரண்டு மணி நேரம் வாங்கிக் கொடுங்கள். ஓடட்டும், நீந்தட்டும், சும்மா நடக்கட்டும். அவள் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளுங்கள், அவள் மாமியாரிடம் பேசிச் சம்மதம் வாங்குங்கள். ஆனால் உங்களுக்கென்று இருக்கும் இரண்டு மணி நேரத்தை அதற்காக விட்டுக்கொடுத்துவிடாதீர்கள். அடுத்த வாரம் உங்கள் பிள்ளையை அவள் பார்த்துக்கொள்ளட்டும். கணக்கு நேராக இருந்தால்தான் இருவரும் கடைசிவரை போக முடியும்.