யுத்தம் திரும்பிய இடங்கள்



1939 முதல் 1945 வரை நடந்த இரண்டாவது உலக யுத்தத்தைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்ல வந்திருக்கின்றோம். யுத்தக் கதை கேட்டால் வயிறு நிறையுமா என்று சிலர் கேட்கலாம். நிறையாதுதான். ஆனால், அவ்வளவு பெரிய காரியம் எதனால் ஒரு பக்கமாய்ச் சாய்ந்தது என்று கேட்டால் நம்மவர்களில் பலர் என்ன பதில் சொல்லுகின்றார்கள்? "ஹிட்லருக்கு அதுவரை நல்ல காலம், அப்புறம் கெட்ட காலம்" என்கின்றார்கள். ஒருவனைச் சனி பிடித்ததனால் கோடிக்கணக்கான ஜனங்கள் மாண்டார்கள் என்பது எவ்வளவு சுலபமான சமாதானம்! அது சரிதானா என்று பார்க்கவே, அந்த யுத்தம் திரும்பிய மூன்று இடங்களை எடுத்துக் கொள்ளுகின்றோம். நாம் சொல்லுகின்றோம் என்பதற்காக எதையும் ஒப்புக் கொள்ள வேண்டாம். கேட்டுவிட்டு உங்கள் புத்திக்கு என்ன படுகின்றதோ அதன்படி முடிவு செய்யுங்கள்.

முதலாவது, நம் பக்கத்துச் சங்கதியிலிருந்தே தொடங்குவோம். 1942 ஏப்ரல் 5-ந் தேதி ஜப்பான் விமானங்கள் கொழும்பின் மீதும், 9-ந் தேதி திருகோணமலையின் மீதும் குண்டு போட்டன. அந்தப் பீதியில் சென்னைப் பட்டணத்து ஜனங்கள் மூட்டை முடிச்சுகளோடு வெளியூர்களுக்கு ஓடினார்கள். அந்த விமானங்களைச் சுமந்து வந்த கப்பல்களில் அகாகி, சோரியு, ஹிரியு என்று மூன்று உண்டு. இரண்டே மாதத்தில் அம்மூன்றும், காகா என்ற நான்காவதும், பசிபிக் சமுத்திரத்தில் மிட்வே என்ற சின்னத் தீவுக்கருகில் கடலுக்கடியில் போய்ச் சேர்ந்தன.

எப்படி? ஹவாய்த் தீவில் ரோஷ்போர்ட் என்ற அமெரிக்கக் கப்பற்படை உத்தியோகஸ்தரும் அவருடைய ஆட்களும் ஜப்பானியருடைய ரகசியத் தந்திகளை இரவும் பகலும் உட்கார்ந்து பிரித்துப் பார்த்தார்கள். ஜப்பானியர் "ஏ.எப்." என்ற இடத்தைத் தாக்கப் போவதாகத் தெரிந்தது. அது மிட்வேதானா? ஊகத்தை நம்பி அவர்கள் உட்கார்ந்துவிடவில்லை. "மிட்வேயில் குடிதண்ணீர் இயந்திரம் பழுதாகிவிட்டது" என்று எல்லோரும் கேட்கும்படி ஒரு பொய்த் தந்தி கொடுக்கச் செய்தார்கள். உடனே ஜப்பானியர், "ஏ.எப்.-இல் தண்ணீர்ப் பஞ்சம்" என்று தங்களுக்குள் தந்தி அடித்தார்கள். சந்தேகம் தீர்ந்தது.

மறு பக்கத்தைப் பாருங்கள். புறப்படுவதற்கு முன்பு ஜப்பானியத் தளகர்த்தர்கள் மேஜையின் மேல் சண்டை ஒத்திகை நடத்தினார்கள். அதில் 9 குண்டுகள் விழுந்து அகாகியும் காகாவும் மூழ்கின என்று கணக்கு வந்தது. உகாகி என்ற பெரிய அதிகாரி, 9 அல்ல, 3 என்று வைத்துக் கொள்ளும்படி உத்தரவிட்டார். அப்படியும் மூழ்கின காகா அடுத்த ஒத்திகையில் மறுபடி மிதந்து வந்துவிட்டது. ஜூன் 4-ந் தேதி தொடங்கிய நிஜச் சண்டையில், மேஜையின் மேல் மிதந்த கப்பல் தண்ணீரில் மிதக்கவில்லை. அமெரிக்கர் இழந்த விமானந்தாங்கிக் கப்பல் ஒன்று. ஜப்பானியர் இழந்தவை நான்கு. அதற்குப் பிறகாவது உண்மையைச் சொன்னார்களா? வெற்றி என்று ஜனங்களுக்குப் பறைசாற்றிவிட்டு, காயம்பட்டு வந்த மாலுமிகளை யார் கண்ணிலும் படாமல் ஒதுக்கி வைத்தார்கள்.

இரண்டாவது இடம் ருஷியாவிலுள்ள ஸ்டாலின்கிராட். 1942 நவம்பர் 19-ந் தேதி ருஷியர் திருப்பித் தாக்கி, நான்கே நாளில் இரண்டரை லட்சத்துக்கு மேற்பட்ட சைனியத்தை வளைத்துக் கொண்டார்கள். உள்ளே அகப்பட்டவர்களுக்கு நாளொன்றுக்கு 300 டன்னாவது சாமான் போக வேண்டும். விமானப் படைத் தலைவர் கோயரிங், ஆகாய மார்க்கமாய் அனுப்பி விடுகின்றேன் என்று ஹிட்லரிடம் வாக்குக் கொடுத்தார். முடியாது என்று அவ்விடத்து விமானப் படைத் தளபதியே சொன்னார். விமானம் எத்தனை, ஒன்று எவ்வளவு சுமக்கும், பனியில் எத்தனை நாள் பறக்கும் என்பது பள்ளிப் பிள்ளை போடக்கூடிய பெருக்கல் கணக்கு. ஆனால், எஜமானுக்குப் பிடித்த விடையே விடை என்றாகிவிட்டது. போய்ச் சேர்ந்தது சராசரி நாளொன்றுக்குச் சுமார் 100 டன். சிப்பாய்கள் குதிரைகளைத் தின்றார்கள். பிறகு பட்டினி கிடந்தார்கள்.

ரொட்டி அனுப்ப முடியாத ஹிட்லர் என்ன அனுப்பினார் தெரியுமா? பட்டம் அனுப்பினார்! 1943 ஜனவரி 30-ந் தேதி, சேனாபதி பவுலசுக்குப் பீல்டு மார்ஷல் பட்டம் வந்தது. அந்தப் பட்டமுள்ள ஜெர்மானியர் எவரும் அதுவரை சரணடைந்ததில்லையாம். ஆகையால் இவரும் சாக வேண்டுமாம். மறு நாளே பவுலஸ் சரணடைந்தார். சிறைப்பட்ட சுமார் 91,000 பேரில் வீடு திரும்பினவர்கள் 6,000 பேர் இருந்தால் அதிகம். கணக்கை மறுத்தவர் ஒருவர். அதற்கு விலை கொடுத்தவர்கள் உழவன் மகனும் தொழிலாளி மகனும்.

மூன்றாவது, பிரான்ஸ் தேசத்து நார்மண்டிக் கரை. இங்கே நேச தேசத்தாரும் நாள் பார்த்தார்கள் தோழர்களே! சிரிக்காதீர்கள். பாரசூட்டில் குதிப்பவர்களுக்கு நிலா வெளிச்சம் வேண்டும். விடியற்காலையில் கடல் நீர் வடிந்து, எதிரி நட்டு வைத்திருக்கும் தடைகள் கண்ணுக்குத் தெரிய வேண்டும். அப்படி 1944 ஜூன் 5, 6, 7 தேதிகள் வாய்த்தன. 5-ந் தேதி என்று நிச்சயித்தார்கள். அயர்லாந்தின் மேற்குக் கரையில் பிளாக்சாட் என்னும் ஊர்த் தபாலாபீசில் மணிக்கொரு முறை பாரமானியைப் பார்த்துக் குறித்தனுப்பிய விவரம், புயல் வருவதைக் காட்டியது. வானிலை அதிகாரி ஸ்டாக் அதைத் தளபதி ஐசன்ஹோவரிடம் சொன்னார். கப்பல்கள் கிளம்பிவிட்ட நிலையிலும் அவர் ஒரு நாள் தள்ளி வைத்தார். 6-ந் தேதி காற்றுச் சற்று அடங்கும் என்றார் ஸ்டாக், அன்றே இறங்கினார்கள். இந்தக் காற்றில் எவன் வருவான் என்று ஜெர்மானியத் தளபதி ரோமெல், மனைவியின் பிறந்த நாளுக்காக ஊருக்குப் போயிருந்தார். கடல் நீர் பொருந்தும் அடுத்த தேதிக்கென்று இரண்டு வாரம் காத்திருந்தால், ஜூன் 19-ந் தேதி அடித்த பெரும் புயலில் அகப்பட்டிருப்பார்கள். இவர்கள் பார்த்த நாள், காரணம் சொல்லக்கூடிய நாள். காரணம் மாறினவுடன் மாற்றிக் கொள்ளக்கூடிய நாள்.

அப்படியானால் ஜெயித்தவர்களெல்லாம் புத்திசாலிகளா என்று கேட்பீர்கள். இல்லை. 1941 ஜூன் 22-ந் தேதி ஹிட்லர் ருஷியாவுக்குள் புகுவதற்கு முன்பு, ஸ்டாலினுக்கு எச்சரிக்கைமேல் எச்சரிக்கை வந்தது. அவர் நம்பவில்லை. அதனால் லட்சக்கணக்கான சிப்பாய்கள் சிறைப்பட்டார்கள். ஜனநாயகத்துக்காக யுத்தம் செய்வதாகச் சொன்ன பிரிட்டிஷார்தான், ஜப்பானியர் கையில் சிக்கக் கூடாதென்று 1942-இல் வங்காளத்துக் கரையோர ஜனங்களின் படகுகளைப் பறித்தார்கள். 1943-இல் பஞ்சம் வந்தது. தானியக் கப்பல் அனுப்பச் சொல்லி இந்தியாவிலிருந்து போன வேண்டுகோள்களை லண்டனில் இருந்தவர்கள் தட்டிக் கழித்துக் கொண்டிருந்தார்கள். சுமார் 30 லட்சம் பேர் மாண்டார்கள் என்று மதிப்பிடுகின்றார்கள். ஸ்டாலின்கிராடில் கேளாத காது எதுவோ, அதே காதுதான் இங்கும்.

ஆகவே தோழர்களே, கிரகம் மாறி யுத்தம் திரும்பவில்லை. உள்ளதை உள்ளபடி பார்த்துச் சொன்னவனுடைய வார்த்தை எங்கே ஏறியதோ, அங்கே ஒரு பக்கமும், எங்கே ஏறவில்லையோ, அங்கே மற்றொரு பக்கமுமாய்த் திரும்பியது. பிளாக்சாட் தபாலாபீசில் பாரமானி பார்த்தவருக்கு அது எதற்கென்று அப்போது தெரியாது. கண்ட எண்ணைக் கூட்டாமல் குறைக்காமல் எழுதினார், அவ்வளவே.

நம் வீட்டில் மருமகள் ஒரு கணக்குச் சொன்னாலும், ஊர்க் கூட்டத்தில் கடைசி வரிசையில் இருப்பவன் எழுந்து, "இது நடக்காது ஐயா" என்று சொன்னாலும் நாம் என்ன செய்கின்றோம்? "நீ யார் சொல்ல?" என்று கேட்கின்றோம். சொன்னவன் யார் என்று பார்க்காமல், சொன்னது சரியா என்று நாம் எப்போது கேட்கப் போகின்றோம்? இதை வீட்டுக்குப் போய் யோசித்துப் பாருங்கள். நாம் சொன்னதில் பிசகிருந்தால், அடுத்த கூட்டத்தில் எழுந்து நின்று தாராளமாய்ச் சொல்லுங்கள், கேட்டுக் கொள்ளுகின்றோம்.