கையுறையில் எழுதியிருக்கும் ஒரு சொல்

(வேலைக்குச் செல்லவிருக்கும் இளைஞர்களுக்கான ஆங்கில வகுப்பில் ஆற்றிய உரை)

 

உங்களில் பலர் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரும்பு உருக்கும் ஆலைகளுக்கும் ரோலிங் மில்களுக்கும் போகப் போகிறீர்கள். அங்கே கொடுக்கும் கையுறையில் 'ஹீட்-ரெஸிஸ்டன்ட்' என்று எழுதியிருக்கலாம். இன்று அந்த ஒரு சொல்லை மட்டும் பிரித்துப் பார்ப்போம்.

முதலில் அசை. ஹீட் – ரி – ஸிஸ் – டன்ட். மொத்தம் நான்கு. தமிழில் நாம் எல்லா அசைகளையும் ஏறக்குறைய ஒரே கனத்தில் சொல்லிப் பழகியவர்கள். ஆங்கிலத்தில் அப்படி இல்லை. 'ஹீட்' என்பதில்தான் முழு அழுத்தம். 'ஸிஸ்' அதற்கு அடுத்தபடி. 'ரி', 'டன்ட்' இரண்டும் லேசாக வந்து போக வேண்டும். நான்கையும் ஒரே கனத்தில் சொன்னால், வெளிமாநில சூப்பர்வைசர் மறுபடி சொல்லச் சொல்வார். மேசையைத் தட்டிச் சொல்லிப் பாருங்கள்: முதல் தட்டு பலமாக, மூன்றாவது நடுத்தரமாக.

அடுத்தது சொல்லின் அமைப்பு. ஒரு பெயரும் ஒரு பெயரடையும் நடுவில் சிறு கோட்டோடு சேர்ந்து ஒரே பெயரடை ஆகியிருக்கிறது. பள்ளியில் வேற்றுமைத்தொகை படித்தீர்கள் அல்லவா? அதுபோலத்தான். 'வெப்பத்தைத் தாங்கும்' என்பதில் உள்ள 'ஐ' இங்கே மறைந்திருக்கிறது. 'ஹீட்-ட்ரீட்டட்' என்றால் வெப்பத்தால் பதப்படுத்தியது. அதில் 'ஆல்' மறைந்திருக்கிறது. 'ஹீட்-சென்சிட்டிவ்' என்றால் வெப்பம் பட்டால் கெட்டுப்போகக்கூடியது. முன்பாதி மூன்றிலும் ஒன்றுதான். பொருளை முடிவு செய்வது பின்பாதி. 'ஹீட்' என்று பார்த்தவுடன் வாசிப்பதை நிறுத்திவிடாதீர்கள்.

'ரெஸிஸ்டன்ட்' என்றால் எதிர்த்து நிற்பது. எதிர்த்து நிற்பதற்கு ஓர் எல்லை உண்டு. இஎன் 407 என்ற ஐரோப்பியத் தரம் பெற்ற கையுறையில் ஒரு சிறு படமும் அதன்கீழ் ஆறு குறிகளும் இருக்கும். இரண்டாவது குறி, சூடான பொருளைத் தொடுவதற்கானது. 1 என்றால் 100 டிகிரி செல்சியஸ். 4 என்றால் 500 டிகிரி. அதுவும் 15 விநாடிக் கணக்கில்தான். 'எக்ஸ்' என்று இருந்தால் அந்தச் சோதனை நடக்கவில்லை என்று பொருள். உருகிய எஃகோ 1500 டிகிரி அளவில் தகிப்பது!

ஆகவே, கையுறையை மாட்டுவதற்கு முன் அந்தச் சொல்லை முழுவதும் வாசியுங்கள், எண்ணைப் பாருங்கள். எண் இல்லையென்றால் "இது எத்தனை டிகிரி தாங்கும்?" என்று கேளுங்கள். கேட்பதில் வெட்கமில்லை. அடுத்த வகுப்பில், இன்ஷா அல்லாஹ், 'ஃபிளேம்ப்ரூஃப்' என்ற சொல்லைப் பிரிப்போம்.