கல்யாண டிவிடியைத் தூக்கிப் போடாதீர்கள்

(நமது சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியது)



சென்ற மாதம் நம் குடியிருப்பைச் சேர்ந்த ஓர் அம்மா ஒரு டிவிடியைக் கொண்டுவந்தார். 2008-இல் நடந்த அவர் மகளின் கல்யாணம். மறைந்த அவர் கணவரின் குரல் அதில் மட்டும்தான் இருக்கிறது. பேரன் தன் லேப்டாப்பில் போட்டிருக்கிறான், ஓடவில்லை. கடைக்காரர் "இது போச்சு" என்று சொல்லிவிட்டாராம். "தூக்கிப் போட மனசு வரலை சார்" என்றார். என் பழைய கம்ப்யூட்டரில் போட்டேன். ஓடியது.

ஒன்றில் ஓடுவது இன்னொன்றில் ஏன் ஓடவில்லை? கடையில் வாங்கும் சினிமா டிவிடி அச்சில் அழுத்தி எடுத்தது. நமக்கு ஸ்டுடியோவில் பதிந்து தந்ததில் ஒரு சாயப்பூச்சு உண்டு. லேசர் ஒளி அதன்மேல் எழுதுகிறது. வெயிலும் சூடும் பட்டால் அந்தச் சாயம் மங்கும். வங்கியில் கார்பன் காப்பி படித்தவர்களுக்கு இது புரியும். என் கண்ணுக்குத் தெரியாத எழுத்து பக்கத்து சீட்காரர் கண்ணுக்குத் தெரியும். டிரைவும் அப்படித்தான். ஆகவே இரண்டு மூன்று கம்ப்யூட்டரில் போட்டுப் பார்க்காமல் முடிவு கட்டாதீர்கள்.

கோளாறை மூன்று விதமாகப் பிரிக்கலாம்.

ஒன்று: உள்ளே இருக்கும் ஃபோல்டர்கள் தெரிகின்றன, படம் மட்டும் ஓடவில்லை. இது டிவிடியின் குற்றம் இல்லை. 2012-இல் வந்த விண்டோஸ் 8 முதல், டிவிடி படம் ஓட்டும் வசதி விண்டோஸோடு சேர்ந்து வருவதில்லை. விஎல்சி என்ற இலவச மென்பொருளைப் போட்டால் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

இரண்டு: காலி டிவிடி என்று காட்டுகிறது. பதிந்தவர் கடைசியில் 'ஃபைனலைஸ்' செய்யாமல் விட்டிருக்கலாம். நாள் கணக்கை முடிக்காத லெட்ஜர் மாதிரி. எழுதியது உள்ளே இருக்கும், மற்ற கருவிகளுக்குத் தெரியாது. பதிந்த அதே கருவி கிடைத்தால் அதில் போட்டு முடித்துக்கொள்ளலாம். ஒரு எச்சரிக்கை: "இந்த டிஸ்க்கை எப்படிப் பயன்படுத்தப் போகிறீர்கள்?" என்று கம்ப்யூட்டர் கேட்டால் 'கேன்சல்' கொடுங்கள். சரி என்று அழுத்தினால் உள்ளதன்மேல் கை வைத்ததாகிவிடும்.

மூன்று: நின்று நின்று ஓடுகிறது. அழுக்கோ கீறலோ இருக்கும். மெல்லிய பருத்தித் துணியால் நடுவிலிருந்து விளிம்பு நோக்கி நேராகத் துடையுங்கள், வட்டமாகத் தேய்க்காதீர்கள். சிடியாக இருந்தால் மேல்புறத்தில் பால்பாயிண்ட் பேனாவால் எழுதாதீர்கள், ஒட்டிய ஸ்டிக்கரையும் உரிக்காதீர்கள். பதிவு அந்த மேல்பக்கத்துக்கு அடியிலேயேதான் இருக்கிறது.

ஒருமுறை ஓடிவிட்டால் "அப்புறம் பார்க்கலாம்" என்று மூடி வைக்காதீர்கள். 'வீடியோ டிஎஸ்' என்ற ஃபோல்டரை அப்படியே கம்ப்யூட்டரில் காப்பி எடுங்கள். பிறகு ஒரு பென் டிரைவிலும், வேறு ஊரில் இருக்கும் பிள்ளை வீட்டிலும் ஒரு பிரதி இருக்கட்டும். சாதாரண டிவிடி ஒன்றின் அளவு 4.7 ஜிபிதான், 32 ஜிபி பென் டிரைவில் ஆறு டிவிடி அடங்கும்.

நம் திருக்கோகர்ணம் ஞானாலயா நூலகத்தில் நூறு வருஷத்துக்கு முந்தைய புத்தகத்தை இன்றைக்கும் பிரித்துப் படிக்கலாம். கண் இருந்தால் போதும். டிவிடிக்குக் கருவியும் வேண்டும். இப்போது வரும் லேப்டாப்புகள் பலவற்றில் டிரைவே கிடையாது. பழைய கம்ப்யூட்டரை எடைக்குப் போடுவதற்கு முன் பீரோவில் இருக்கும் டிவிடிகளை ஒரு தடவை எடுத்துப் பாருங்கள்.

அந்த அம்மா கணவரின் குரலை இரண்டு தடவை கேட்டார். பிறகு, "இதைப் பேரனுக்கு அனுப்ப முடியுமா சார்?" என்றார். அன்று சாயங்காலமே அனுப்பிவிட்டோம்.

ஞாயிறு காலை பத்து மணிக்குச் சங்க அறையில் என் பழைய கம்ப்யூட்டரோடு இருப்பேன். டிவிடியும் ஒரு பென் டிரைவும் எடுத்து வாருங்கள்.